பொலிகுதிரையும் வமிசாவளி ஏடும்

நெடுந்தீவுக்குச் சென்றவர்கள் அங்கே வெட்டவெளியிற் கூட்டங் கூட்டமாக மேயும் குதிரைகளைக் கண்டிருப்பர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை என்பர். அவற்றுள் ஒன்றைச் சுட்டி, இதன் தந்தை எது, தந்தையின் தந்தை எது என்று வினவினால் விடை கூறுவார் எவருமிலர். அக்குதிரைக்கும் வமிசம் உண்டு. அதனை எழுதி வைத்த ஏடுதான் இல்லை. இதே விலங்கினத்தைச் சேர்ந்த பந்தயக் குதிரை யொன்று இங்கிலாந்திலோ, அயர்லாந்திலோ, அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்திலோ பிறந்திருக்குமாயின், அதன் முன்னோரை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் வரை பெயர் பெயராகச் சொல்லலாம். அப்பெயர்களின் பொருட்டே, இன்னும் கருவுறாத ஒரு குட்டிக்காகப் பெருந்தொகை கைமாறுகின்றது. 'ஆனை விலை, குதிரை விலை' என்று நாம் பேச்சு வழக்கிற் சொல்வது அங்கே வெறும் பேச்சன்று.

பொலிகாளையை நாம் அறிவோம். அவ்வாறே இனவிருத்திக்கென வைத்துப் பேணப்படும் ஆண் குதிரையை இக்கட்டுரையிற் பொலிகுதிரை எனவும், அதனோடு ஒரு பெட்டைக் குதிரையைச் சேர்ப்பதற்குப் பெறப்படும் பணத்தைப் பொலிகட்டணம் எனவும் வழங்குவோம். பொலிகுதிரையை உடையவர் அதன் பெருமையைப் பெட்டைக் குதிரைகளை உடையவர்க்கு எவ்வாறு எடுத்துரைக்கின்றார்? அவ்வுரையில் மெய் எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். குதிரை வாங்கும் எண்ணம் நம்மில் எவருக்கும் இல்லையாயினும், சென்ற காலத்தைப் பற்றிய ஓர் ஏட்டை வைத்துக்கொண்டு வருங்காலத்தை விலை பேசும் தொழிலை அறிந்துகொள்வது எவர்க்கும் பயன் தருவதேயாம்.

தறோபிறெட் என வழங்கும் பந்தயக் குதிரையினம் இங்கிலாந்திலே பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் உருவாயிற்று. உள்நாட்டுப் பெட்டைக் குதிரைகளோடு கீழைத் தேயத்து ஆண் குதிரைகளைச் சேர்த்ததன் விளைவு அது. அவ்வாறு வந்த ஆண் குதிரைகள் பல; எனினும் இன்றுள்ள தறோபிறெட் குதிரைகள் யாவும் ஆண்வழியில் மூன்றையே சென்று சேரும். முதலாவது, 1680களிற் போரிற் கைப்பற்றப்பட்டதாகக் கருதப்படும் பைர்லி துருக்கி. இரண்டாவது, தோமஸ் டார்லி என்னும் ஆங்கிலேயர் சிரியாவின் அலெப்போ நகரில் வாங்கி 1704இல் யோர்க்ஷயருக்கு அனுப்பிய டார்லி அரபி. மூன்றாவது, பிரான்சு வழியாக இங்கிலாந்தை அடைந்து 1753இல் இறந்த கொடொல்பின் அரபி. மூன்றும் உடையவர் பெயரால் அழைக்கப்படுவன. இவற்றின் வழியில் முறையே ஹெரோட் (1758), எக்கிளிப்ஸ் (1764), மச்சம் (1748) என்னும் குதிரைகள் தோன்றி ஆண்வழியை நிலைபெறச் செய்தன.

பந்தயம் பெருகப் பெருக, எந்தக் குதிரை எதன் வழியில் வந்தது என்னும் ஐயமும் பெருகிற்று. ஒரே பெயரிற் பல குதிரைகள் இருந்தன. பெயரே இல்லாதனவும் இருந்தன. இக்குழப்பத்தைத் தீர்க்க ஜேம்ஸ் வெதர்பி என்பவர் 1791இற் பொது வமிசாவளி ஏட்டின் முன்னோடி நூலை வெளியிட்டார். பழைய பந்தய அட்டவணைகளையும் தனியார் வீட்டுக் குறிப்புக்களையும் திரட்டி ஒழுங்குபடுத்திய நூல் அது. அதன் பின் ஏனைய நாடுகளும் தத்தமக்கு இத்தகைய ஏடுகளை வகுத்துக்கொண்டன. தறோபிறெட் என்பதற்கு இன்று வழங்கும் வரைவிலக்கணம் குதிரையின் உடலமைப்பைப் பற்றியதன்று. இவ்வேடுகளிற் பெயர் பதியப்பட்டமையைப் பற்றியதேயாம்.

ஏட்டிலுள்ள பெயர் பணமாக மாறும் விதத்தை மார்ஸ்க் என்னும் குதிரையின் கதை தெளிவாகக் காட்டும். கம்பலாந்துக் கோமகன் 1765இல் இறந்தபின் அவருடைய குதிரைகள் ஏலத்தில் விற்கப்பட்டன. மார்ஸ்க் அற்ப விலைக்குப் போயிற்று. பின்னர் வில்லியம் வைல்ட்மன் என்பவர் அதனை 20 கினிக்கு வாங்கினார். மார்ஸ்க்கின் மகனெனக் கூறப்பட்ட எக்கிளிப்ஸ் 1769, 1770ஆம் ஆண்டுகளில் 18 பந்தயங்களில் ஓடி ஒன்றிலேனும் தோற்கவில்லை. உடனே தந்தையின் மதிப்பு வானளாவ உயர்ந்தது. அபிங்டன் பிரபு மார்ஸ்க்கை 1,000 கினி கொடுத்து வாங்கினார். பொலிகட்டணம் 100 கினியாயிற்று. இவ்வளவிற்கும் மார்ஸ்க் என்னும் குதிரை முன்னிருந்தவாறே இருந்தது. மேலும் சில ஆண்டு முதிர்ந்திருந்தது அவ்வளவே. இன்னுமொரு செய்தி: எக்கிளிப்ஸின் மெய்யான தந்தை மார்ஸ்க் அன்று, ஷேக்ஸ்பியர் என்னும் பெயருடைய வேறொரு குதிரையே என்று அக்காலத்திற் பேசிக்கொண்டோரும் உளர். தந்தை எது என்பதில் இத்துணைப் பணம் தங்கியிருக்கும்போது அத்தகைய பேச்சு எழுவது இயல்பே.

ஏடு பொய்த்தால் யாது நிகழும் என்பதற்கு 1844ஆம் ஆண்டின் எப்சம் டேர்பிப் பந்தயம் சான்று. மூன்று வயதுக் குதிரைகட்கு மட்டுமே உரிய அப்பந்தயத்தில் றணிங் றெயின் என்னும் குதிரை முதலாவதாக வந்தது. அதன் பின்னர் நடந்த வழக்கில், ஓடியது மக்கபேயஸ் என்னும் நான்கு வயதுக் குதிரை என்று எதிர்த்தரப்பினர் சாதித்தனர். குதிரையின் வயதைப் பல்லைப் பார்த்து அறியலாம். ஆதலாற் குதிரையைக் கொண்டுவந்து காட்டுக என்று நீதிபதி பணித்தார். கொண்டுவர இயலவில்லை. வெற்றி இரண்டாவதாக வந்த ஒர்லாண்டோவுக்குப் போயிற்று. மோசடியை வெளிப்படுத்துவதில் முன்னின்றவர் ஜோர்ஜ் பென்ரிங்க் பிரபு. இன்று இத்தகைய ஆள்மாறாட்டம் எளிதன்று. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிற் குருதி வகைப் பரிசோதனையும், பின்னர் மரபணுப் பரிசோதனையும் வந்துவிட்டன. குட்டியின் தாய் தந்தையர் இன்னாரென ஆய்வுகூடம் உறுதி செய்த பின்னரே ஏட்டிற் பதிவு நிகழும். ஆகவே, இக்காலத்து விளம்பரங்களிற் காணப்படும் முன்னோர் பெயர்கள் பெரும்பாலும் மெய்யே எனக் கொள்ளலாம். விளம்பரத்தின் சிக்கல் பொய்யான பெயரில் இல்லை; மெய்யான பெயர்களை அடுக்கும் முறையிலேயே உளது.

பொலிகுதிரைக்கு இத்துணை விளம்பரம் வேண்டப்படுவதற்கு இத்தொழிலின் விதியொன்று காரணம். மாட்டினத்தில் ஒரு காளையின் விந்தை உறையவைத்து உலகெங்கும் அனுப்பலாம். தறோபிறெட் இனத்தில் அதற்கு இடமில்லை. செயற்கை முறைக் கருவூட்டலாலோ, கருமாற்றத்தாலோ பிறந்த குட்டி ஏட்டிற் சேராது. பெட்டைக் குதிரையைப் பொலிகுதிரை நிற்கும் பண்ணைக்கே கொண்டுசெல்லல் வேண்டும். அதற்கும் காலம் குறுகியது. வட பாதியுலகிற் பிறந்த குட்டிகள் யாவற்றுக்கும் சனவரி 1 பிறந்தநாள் எனக் கொள்வது வழக்கம். குதிரையின் சினைக்காலமோ ஏறத்தாழப் பதினொரு மாதம். ஆதலால் பெப்ரவரி நடுப்பகுதி தொடங்கி யூன், யூலை வரையுமே இணைசேர்க்கும் காலம். இச்சில மாதங்களுள் ஒரு பொலிகுதிரையிடம் உள்ள இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அவ்விடங்கள் நிரம்பாவிடின் அவ்வாண்டு போனது போனதே. ஆஸ்திரேலியாவிலே குதிரைகளின் பிறந்தநாள் ஓகஸ்ட் 1 ஆதலின், சில பொலிகுதிரைகள் ஆண்டின் பிற்பகுதியில் விமானமேறி அங்கும் சென்று வருகின்றன.

முற்காலத்தில் விளம்பரம் எளியதாயிருந்தது. குதிரைக்காரன் பொலிகுதிரையைக் கையிற் பிடித்துக்கொண்டு சந்தைக்குச் சந்தை நடப்பான். எந்த நாளில் எந்த ஊர்ச் சத்திரத்தில் நிற்கும், தந்தை தாய் யாவர், கட்டணம் எவ்வளவு, குதிரைக்காரனுக்குத் தனியே கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பன ஒரு சிறு அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். செய்தித்தாள்களிலும் அவ்வாறே அறிவித்தனர். இன்று ஆண்டுதோறும் கனத்த பொலிகுதிரைப் பதிவுநூல்கள் வெளிவருகின்றன. ஒவ்வொரு குதிரைக்கும் வண்ணப்படத்தோடு ஒரு பக்கமோ இரு பக்கமோ ஒதுக்கப்படும். அயர்லாந்திலும் பிரான்சின் நோர்மண்டிப் பகுதியிலும் குளிர்காலத்திலே பண்ணைகள் தம் வாயில்களைத் திறந்து, வளர்ப்போரை அழைத்துக் குதிரைகளை நடத்திக் காட்டுகின்றன. இவ்வழக்கத்தைக் குறைகூற இயலாது. படத்தில் எல்லாக் குதிரையும் அழகே. கணுக்கால் நேரோ கோணலோ என்பதை நேரிற் கண்டாலன்றி அறியமுடியாது.

இனி, அவ்விளம்பரப் பக்கத்தை எவ்வாறு படிப்பது என நோக்குவோம். அதிற் பெரும்பாலும் மூன்று பகுதிகள் இருக்கும்: குதிரை தான் ஓடிய பந்தயங்கள், அதன் வமிசாவளி, அதன் குட்டிகளின் சாதனை.

பந்தயங்களுள் உயர்ந்தவை எவை என்பதில் மயக்கம் நேராதிருக்க, ஐரோப்பாவில் 1971 முதலாகவும் அமெரிக்காவில் 1973 முதலாகவும் அவை தரம் பிரிக்கப்பட்டன. உயர் பந்தயங்களில் வென்ற குதிரையின் பெயர் ஏல அட்டவணைகளில் தடித்த பெரிய எழுத்திலும், அவற்றில் இரண்டாம் மூன்றாம் இடம் பெற்றதன் பெயர் தடித்த சிறிய எழுத்திலும் அச்சிடப்படும். ஆகவே பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் எவ்வளவு மை கறுத்திருக்கின்றது என்பதைக் கொண்டே குடும்பத்தின் தரத்தை மட்டிடுவர். உறவுமுறைச் சொல்லிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரே தாய் வயிற்றில் வெவ்வேறு தந்தையர்க்குப் பிறந்தனவே அரைச் சகோதரம் எனப்படும். தந்தை மாத்திரம் ஒன்றாயின் அவ்வுறவு கொண்டாடுதல் மரபன்று. காரணம் வெளிப்படை: பொலிகுதிரை யொன்றுக்குக் குட்டிகள் நூற்றுக்கணக்கில் உண்டு, தாய்க்கோ ஆண்டுக்கு ஒன்றே.

வமிசாவளியில் எளிய கணக்கொன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஐந்தாந் தலைமுறையில் முன்னோர் 32 பேர். தந்தையின் தந்தையின் தந்தை என்று நேரே செல்லும் ஆண்வழி, அம்முப்பத்திரண்டில் ஒரே ஒருவரைச் சாரும். விளம்பரமோ அவ்வொருவரின் பெயரையே தலைப்பில் இடும். இன்றுள்ள ஆண் தறோபிறெட் குதிரைகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 95 ஆண்வழியில் டார்லி அரபியையே சாரும். ஆனால், மரபுக் கூறுகள் முழுவதையும் கணக்கிட்ட ஆய்வொன்று 2001இல் வெளிவந்தது. அதன்படி இக்கால இனத்தில் டார்லி அரபியின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு 6.5, ஆண்வழியிற் பின்தங்கிய கொடொல்பின் அரபியின் பங்கோ ஏறத்தாழ 14. பெயர் நிலைத்தது ஒன்றுக்கு. குருதி மிகுதியாக நிலைத்தது மற்றொன்றுக்கு.

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பது நம்மவர் பழமொழி. இதன் உண்மையை செக்கிரற்றேரியற் என்னும் குதிரையிற் காணலாம். 1973இல் அமெரிக்காவின் மும்முடிப் பந்தயங்கள் மூன்றையும் வென்ற குதிரை அது. இறுதிப் பந்தயத்தை 31 குதிரை நீளத்தால் வென்றது. அவ்வெற்றிகளுக்குச் சில மாதம் முன்னரே, இரண்டு வயதிற் காட்டிய திறமையை மட்டும் கொண்டு, பங்கொன்று 190,000 டொலராக 32 பங்குகள் விற்று 60 இலட்சத்து 80 ஆயிரம் டொலர் திரட்டப்பட்டது. பங்குக்காரர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பெட்டைக் குதிரையை அனுப்பும் உரிமை பெற்றனர். எதிர்பார்த்தது, தந்தையை ஒத்த ஆண் மக்கள். தந்தைக்கு நிகரான மகன் ஒன்றேனும் தோன்றவில்லை. தன் ஆண்வழியை நிலைநாட்ட வல்ல பொலிகுதிரையும் வாய்க்கவில்லை. ஆனால் அதன் மகள்மார் வயிற்றில் ஸ்ரோம் காற், ஏ. பி. இன்டி, கோன் வெஸ்ற் என்னும் பெரும் பொலிகுதிரைகள் மூன்று பிறந்தன. அவற்றுள் ஸ்ரோம் காற்றின் பொலிகட்டணம் 500,000 டொலர் வரை உயர்ந்தது. விளம்பரம் வாக்களித்த செல்வம் வந்தது. வாக்களித்த வழியில் வரவில்லை.

விளம்பரத்தின் வலிமை முழுவதும் ஒரு கால இடைவெளியிலேயே தங்கியுளது. இதனை ஆண்டுக் கணக்கில் விளக்குவோம். பிராங்கெல் என்னும் குதிரை 14 பந்தயங்களில் ஓடித் தோல்வியே அறியாது 2012இல் ஓய்வு பெற்றது. 2013இல் 125,000 பவுண் கட்டணத்திற்குப் பொலிகுதிரையாயிற்று. முதற் குட்டிகள் 2014இற் பிறந்தன; 2015இல் ஓராண்டுக் குட்டிகளாக ஏலத்துக்கு வந்தன; 2016இலேயே முதன்முதல் ஓடின. ஆகவே 2013, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், 2016இன் பெரும்பகுதியிலும் கட்டணம் செலுத்தியோர், அதன் குட்டியொன்றும் ஓடக் காணாமலே செலுத்தினர். பிராங்கெல் நம்பிக்கையைக் காத்தது. 2024இல் அதன் கட்டணம் 350,000 பவுண். எல்லாக் குதிரையும் அவ்வாறு காப்பதில்லை. ஆயினும், முதலாம் ஆண்டில் எல்லாப் பொலிகுதிரைகளின் விளம்பரமும் ஏறத்தாழ ஒரே குரலிற் பேசும். சான்று இல்லாத காலமே புகழ்ச்சிக்கு வாய்ப்பான காலம்.

மறுதலையான எடுத்துக்காட்டுக்களும் பல. 2006இற் புளோரிடா ஏலத்தில் கிறீன் மங்கி என்னும் இரண்டு வயதுக் குதிரை 160 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. மூன்று முறை ஓடி ஒருமுறையேனும் வெல்லவில்லை. பின்னர் 5,000 டொலர் கட்டணத்திற்குப் பொலிகுதிரையாக நின்றது. தொடர்ந்து 16 பந்தயங்களை வென்ற சிகார் என்னும் குதிரையை 1997இல் இனவிருத்திக்குச் சேர்த்தபோது அது மலடெனக் கண்டனர். காப்புறுதியே இழப்பை ஈடுசெய்தது. இவற்றுக்கு மாறாக, நோதேண் டான்சர் ஓராண்டுக் குட்டியாக இருந்தபோது, கனடாவின் ஒன்ராறியோவிலே 25,000 டொலருக்கு வாங்குவாரில்லை. உருவிற் சிறியதென ஒதுக்கினர். 1964இற் கென்ரக்கி டேர்பியை வென்ற அக்குதிரையின் கட்டணம் 1965இல் 10,000 டொலர். 1980களில் குட்டி பிறக்கும் என்னும் உறுதிமொழி கூட இன்றிப் பத்து இலட்சம் டொலர் வரை எட்டிற்று. இன்ரூ மிஸ்சிவ் என்னும் குதிரை 2009இல் 12,500 டொலருக்குத் தொடங்கி, கேட்பாரின்றி 7,500க்கு இறங்கி, தன் குட்டிகள் ஓடத் தொடங்கியபின் படிப்படியாக 250,000 டொலரை அடைந்தது. அதன் வமிசாவளியில் இடையில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

குட்டிகள் ஓடத் தொடங்கியபின் விளம்பரம் எண்களாற் பேசும். எண் பொய் சொல்லாது என்பர். ஆனால் எதனை எண்ணாது விட்டது என்பதையும் அது சொல்லாது. 'உயர் பந்தய வெற்றியாளர் 20 பேர்' என்னும் விளம்பரத்தைக் கண்டால், எத்தனை குட்டிகளுள் இருபது என்று வினவுதல் வேண்டும். நூறு குட்டிகளுள் இருபதாயின் அது வியத்தகு சாதனை. ஆயிரத்துள் இருபதாயின் சாதாரணம். நோதேண் டான்சரின் 645 குட்டிகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 23 உயர் பந்தயங்களில் வென்றன. நூற்றுக்குப் பத்தே பெருஞ் சிறப்பென மதிக்கப்படும் தொழிலில் அத்தகைய வீதம் மிக அரிது. அவ்வாறே, ஏலத்திற் பெற்ற சராசரி விலையைக் கூறும்போது, ஒரே குட்டி பத்து இலட்சத்துக்குப் போய் ஏனையவற்றின் சராசரியைத் தூக்கிவிட்டதோ என நோக்கல் வேண்டும். விலைகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் விலை எது என்று கேட்பவரே, தம் குட்டிக்கு வரக்கூடியதை அறிவர்.

அமெரிக்காவில் வழங்கும் இரு சுட்டெண்கள் இவ்விடத்து அறியத்தக்கன. ஒன்று, பொலிகுதிரையின் குட்டிகள் சராசரியாகச் சம்பாதித்த பரிசுப் பணத்தை நாட்டின் பொதுச் சராசரியோடு ஒப்பிடுவது. பொதுச் சராசரி 1.00 எனக் கொள்ளப்படும். ஒரு குதிரையின் சுட்டெண் 2.00 ஆயின் இரு மடங்கு என்க. இவ்வெண்ணே விளம்பரத்தில் முன்னிற்பது. மற்றொன்று, அதே பெட்டைக் குதிரைகள் வேறு பொலிகுதிரைகளுக்கு ஈன்ற குட்டிகளின் சம்பாத்தியத்தைக் காட்டுவது. இவ்விரண்டாம் எண் 2.50 ஆக இருக்குமாயின், முதலெண் 2.00 பெருமைக்குரியதன்று, நல்ல தாய்மார் வேறிடத்திற் பெற்ற பேற்றை இவ்விடத்திற் பெறவில்லை என்பதே பொருள். மாறாக, 1.50 பெற்ற பொலிகுதிரையின் இரண்டாம் எண் 1.10 ஆயின், எளிய தாய்மாரின் குட்டிகளையும் உயர்த்திய குதிரை அது. சிறந்த மாணவரையே சேர்த்துக்கொண்டு சிறந்த பெறுபேறு காட்டும் பாடசாலையையும், வந்தவரை யெல்லாம் சேர்த்து முன்னேற்றும் பாடசாலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு இது விளங்கும்.

பட்டியலில் முதலிடமும் வருங்காலத்துக்கு உறுதி தருவதன்று. லெக்சிங்ரன் (1850–1875) என்னும் அமெரிக்கக் குதிரை 16 முறை அந்நாட்டுப் பொலிகுதிரைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. இன்று அதன் ஆண்வழி அற்றுவிட்டது எனலாம். எக்கிளிப்ஸ் தன் நாட்டில் ஒருமுறையேனும் முதலிடம் பெற்றதில்லை; டார்லி அரபியின் ஆண்வழி இன்று நிலைத்திருப்பது அதன் மூலமே. லெக்சிங்ரன் வழியினர்க்கு வேறொரு தடையும் நேர்ந்தது. அமெரிக்க ஏடு பழைய பதிவுகளிற் குறையுடையதென்று கூறி, இங்கிலாந்தார் 1913இல் அந்நாட்டுக் குதிரைகள் பலவற்றைத் தம் ஏட்டிலிருந்து விலக்கினர். ஜேர்சிச் சட்டம் என வழங்கிய இவ்விதி, ஏட்டின் தூய்மையைக் காப்பதாகக் கூறப்பட்டது. உள்நாட்டு வளர்ப்போரின் சந்தையையும் அது காத்தது. அடுத்த ஆண்டே, அவ்விதிப்படி தூயதல்லாத டர்பார் என்னும் குதிரை எப்சம் டேர்பியை வென்றது. 1948இலும் அத்தகைய குதிரைகள் இரண்டு இங்கிலாந்தின் பெரும் பந்தயங்களை வெல்லவே, 1949இல் விதி நீக்கப்பட்டது. ஏடு குதிரையை அளக்கின்றது. நெடுங்காலத்திற் குதிரையும் ஏட்டை அளக்கின்றது.

இக்காலத்தில் அறிவியலும் விளம்பரத்திற் சேர்ந்துள்ளது. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றின் வேறுபாடு, குதிரை குறுந்தூரத்துக்கு ஏற்றதா நெடுந்தூரத்துக்கு ஏற்றதா என்பதோடு தொடர்புடையதென 2010இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் காட்டினர். இது பயனுள்ள அறிவே. ஆயினும் எந்தத் தூரம் ஏற்றது என்பது வேறு; அத்தூரத்தில் வெல்லுமா என்பது வேறு.

விளம்பரம் வெற்றி பெறுவதாலும் ஓர் இடர் உண்டு. முற்காலத்திற் பொலிகுதிரையொன்று ஆண்டுக்கு நாற்பது பெட்டைக் குதிரைகளைச் சேர்வது வழக்கம். இன்று பெயர்பெற்றவை 200க்கு மேலும் சேர்கின்றன. எல்லோரும் ஒரு சில குதிரைகளையே நாடுவதால் இனத்தின் குருதி குறுகுகின்றது. 2020இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஆராயப்பட்ட குதிரைகளுள் நூற்றுக்கு 97இன் வமிசாவளியில் நோதேண் டான்சர் இடம்பெற்றிருந்தது. கடந்த சில பத்தாண்டுகளில் உட்கலப்பு மிகுந்து வருவதையும் அவ்வாய்வு காட்டிற்று. அவ்வாண்டிலேயே அமெரிக்க ஏட்டைப் பேணும் சபை, 2020இலும் அதன் பின்னும் பிறக்கும் பொலிகுதிரைகள் ஆண்டுக்கு 140க்கு மேற் சேரலாகாது என விதித்தது. பெரும் பண்ணைகள் வழக்குத் தொடுத்தன; 2022இல் விதி கைவிடப்பட்டது. இனத்தின் நன்மையும் பண்ணையின் வருவாயும் மாறுபட்டபோது எது வென்றது என்பதை இதனால் அறியலாம்.

இவையனைத்தின் சுமையும் இறுதியில் எவர் தலையில் விழுகின்றது? பெரும் பண்ணைக்குப் பொலிகுதிரைகள் பல. ஒன்று பொய்த்தால் மற்றொன்று ஈடுசெய்யும். ஒன்றிரண்டு பெட்டைக் குதிரைகளை மட்டும் உடைய சிறு வளர்ப்போனின் நிலை வேறு. அவன் ஒரு வசந்தத்திற் குதிரையைச் சேர்க்கின்றான். மறு வசந்தத்திற் குட்டி பிறக்கின்றது. அதற்கடுத்த ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே அதனை ஏலத்துக்குக் கொண்டுசெல்கின்றான். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. குட்டி எழுந்து நின்று பால் குடித்தாலன்றிக் கட்டணமில்லை என்னும் உடன்படிக்கை அவனை ஓரளவு காக்கும். ஆனால் அவ்விடைக்காலத்திற் பொலிகுதிரையின் மூத்த குட்டிகள் ஓடித் தோற்றுவிடின், அவன் குட்டி எத்துணை அழகாயிருப்பினும் கேட்பாரில்லை. விளம்பரம் அச்சிட்டவர் கட்டணத்தைப் பெற்றுவிட்டார். அவ்விளம்பரத்தை நம்பியவன் தீவனச் செலவையும் சேர்த்து இழக்கின்றான்.

இதனால் விளம்பரம் முழுவதும் ஏமாற்று என்பது நம் கருத்தன்று. அதிற் கூறப்படுவன பெரும்பாலும் மெய்யே. அந்த மெய்களைச் சரிபார்க்க இரு நூற்றாண்டு உழைப்பால் எழுந்த ஏடும் உண்டு. இத்துணைத் தெளிவாகத் தன் முன்னோரைக் காட்டும் வீட்டு விலங்கு பிறிதொன்று காண்டல் அரிது. அறிவுடைய வளர்ப்போன் அப்பக்கத்தை ஒதுக்குவதில்லை. அதில் இல்லாததையும் தேடிப் படிக்கின்றான். எத்தனை குட்டிகளுள் இத்தனை, தாய்மார் எத்தகையோர், நடுவிலை யாது, சான்று வந்துவிட்டதா இனித்தான் வரவேண்டுமா என்று வினவுகின்றான். பின்னர் தன் பெட்டைக் குதிரையின் முன்னே சென்று நின்று, அதன் குறை யாது, அதனை நிரப்பவல்ல பொலிகுதிரை எது என்று எண்ணுகின்றான். அவ்வெண்ணத்துக்கு விடை எந்தப் பதிவுநூலிலும் அச்சிடப்பட்டிருப்பதில்லை.

வமிசாவளி என்பது சென்ற காலத்தின் உண்மை. அது வருங்காலத்துக்கு வாய்ப்பைத் தரும், உறுதியைத் தராது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறந்தோர் குதிரைச் சந்தையிற் பொருளை இழப்பர். குலப்பெருமையைக் கொண்டு மனிதரை மதிப்பிடும் இடங்களில் அதனை மறந்தோர் இழப்பது பொருளினும் பெரிது. பிறக்குமுன் எழுதப்பட்டதைக் காட்டிலும் பிறந்தபின் ஓடியதே குதிரையின் மெய்யான வரலாறு என்பதை, அவ்வேடுகளின் ஒவ்வொரு பக்கமும் சான்று பகர்கின்றது.